மூலையைப் பிடித்தால் நழுவுகிறது

கேள்வி: அண்ணா, தோட்டத்துக் கொழுந்து நிறுவைக் கணக்குக்கு வெப் பக்கம் ஒன்று செய்கிறேன். அதிலுள்ள பெட்டியின் மூலையை மவுஸால் இழுத்துப் பெரிதாக்கலாம். வேகமாக இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, இதே கோளாறோடு பண்டாரவளையில் ஓர் இரவு முழுக்க மல்லுக்கட்டினேன், மூன்று கோப்பை பிளேன்ரீயோடு. அசைவைக் கவனிக்கும் நிரலை அந்தச் சின்ன மூலையிலேயே கட்டியிருப்பீர்கள். சுட்டி அதைத் தாண்டியதும் செய்தி வராது. மூலையை அழுத்தியதும் வரும் 'பாயிண்டர்டவுன்' செய்தி கிடைத்தவுடன், சுட்டியை மூலையோடு பிணைக்கும் 'செட்பாயிண்டர்கேப்சர்' கட்டளையைப் போடுங்கள். பட்டனை விடும்வரை எல்லா அசைவும் மூலைக்கே வரும். போனில் இழுக்க மூலைக்கு 'டச்-ஆக்‌ஷன்: நன்' என்ற சிஎஸ்எஸ் (தோற்ற) வரி வேண்டும், இல்லாவிட்டால் பக்கம்தான் உருளும். அப்புறம், குறைந்தபட்ச அகலம் 200 பிக்சல் என்று வையுங்கள். நான் வைக்கவில்லை, கங்காணி ஒருவர் பெட்டியைச் சுருக்கிச் சுருக்கிக் காணாமலே ஆக்கிவிட்டார்.