மனம் வளரும் வயது: வாசகர் கேள்வி – பதில்

பாம்பன் வாசகி ஒருவர்: பதின்மூன்று வயதாகும் என் மகன் விடுமுறை நாளில் தகப்பனாருடன் கரைக்குப் போனால், நண்டு எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, டீசல் செலவு போகப் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் தாளைத் தொடாமலே சொல்லிவிடுகிறான். பள்ளியிலோ விகிதக் கணக்கில் ஒற்றை இலக்க மதிப்பெண்தான். ஆசிரியர் பயிற்சி படிக்கும் என் தங்கை, பதினொரு வயதுக்கு மேல் வர வேண்டிய சிந்தனை இவனுக்கு இன்னும் வரவில்லை என்று பியாஜேயின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறாள். இவனுக்கு அறிவு வளர்ச்சி குறைவா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே (1896–1980) சிந்தனை நான்கு கட்டங்களாக வளர்கிறது என்றார். கையில் உள்ள பொருளைக் கொண்டு முறையாகச் சிந்திப்பது ஏழு வயதை ஒட்டியும், கண்முன் இல்லாததைப் பற்றி அனுமானித்துச் சிந்திப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதை ஒட்டியும் தொடங்குவதாகக் கூறிய அவர், கட்டங்களின் வரிசையைத்தான் வலியுறுத்தினாரே தவிர வயதை அல்ல. பாடப்புத்தகத்தில் எல்லாம் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிடுவதால் வயது மட்டுமே மனத்தில் தங்கிவிடுகிறது; தேர்வுக்குப் படிக்கும் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், இளைஞர்கள் இறுதிக் கட்டச் சிந்தனையைத் தத்தம் நாட்டத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ற துறைகளில் எட்டக்கூடும் என்று 1972-இல் பியாஜேயே எழுதியிருப்பதை உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி 1985-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவோரம் வியாபாரம் செய்த, 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் பொருள் வாங்குபவர்களாகவே சென்று ஆய்வாளர்கள் விலைக் கணக்குக் கேட்டபோது, 98 விழுக்காடு விடைகள் சரியாக வந்தன. அத்தகைய கணக்குகளையே பின்னர் வாக்கியமாக அமைத்துக் கொடுத்தபோது அது 74 ஆகவும், வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 ஆகவும் இறங்கியது. பிள்ளைகளும் அவர்களே, கணக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. கேட்ட விதம்தான் வேறு. அதே நாட்டு மீனவர்களிடமும், பள்ளியில் அதிகம் படிக்காமலே தொழிலிலிருந்து வந்த விகித அறிவு இருப்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது.

ஆகவே, செய்ய வேண்டியது என்ன? ஒரு பிள்ளை தனியாகச் செய்வதற்கும், தெரிந்தவர் துணையுடன் செய்வதற்கும் உள்ள இடைவெளியில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார் ரஷ்ய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). மூன்று கிலோ நண்டு 1,050 ரூபாய்க்கு ஏலம் போனால் ஏழு கிலோ என்ன விலை போகும் என்று மகனிடம் கேளுங்கள். கிலோ 350, ஆகையால் 2,450 என்று அவன் வாய்விட்டுச் சொல்லும்போது, ஒவ்வொரு படியையும் உங்கள் தங்கை அவன் கண்முன்னே எழுதட்டும். பள்ளி கேட்பது தான் வாயால் சொன்னதன் எழுத்து வடிவத்தைத்தான் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். எழுத்தையோ எண்களையோ படிப்பதிலேயே அவன் தடுமாறுகிறான் என்றால் மட்டும், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

தேவிபட்டினம் வாசகர்: குட்டை டம்ளரில் இருந்த தண்ணீரை உயரமான டம்ளரில் ஊற்றினால் ‘கூடிவிட்டது’ என்கிறாள் என் ஆறு வயது மகள். திருத்த வேண்டாமா?

பதில்: வேண்டாம். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளின் விடை அதுதான். தண்ணீரை அவளே ஊற்றி, திருப்பி ஊற்றி விளையாடட்டும். மெக்சிகோவில் குயவர் வீட்டுக் குழந்தைகள், வடிவம் மாறினாலும் களிமண்ணின் அளவு மாறாது என்பதை மற்றப் பிள்ளைகளைவிட நன்கு உணர்ந்திருந்ததை 1969-இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது.

கீழக்கரை வாசகர்: 66 வயதாகும் வாப்பா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு யாருடனும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறார். இந்த வயதில் மனம் வளர என்ன இருக்கிறது என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: மன வளர்ச்சி இளமையோடு நின்றுவிடுவதில்லை என்று அழுத்தமாகச் சொன்னவர் எரிக் எரிக்சன் (1902–1994). பிறப்பு முதல் முதுமை வரை அவர் வகுத்த எட்டுக் கட்டங்களில் நடுவயதின் வேலை அடுத்த தலைமுறையைப் பேணுவது. முதுமையின் வேலை வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்வது. இவை ஆய்வுக்கூடத்தில் எளிதில் சோதிக்க முடியாதவை. இருந்தாலும், வீட்டில் ஒரு முதியவரைப் புரிந்துகொள்ள இவை உதவும் என்பது என் கருத்து. வேகமாகப் புதியதைப் பிடித்துக்கொள்ளும் திறன் வயதுடன் குறைகிறது. சேர்த்துவைத்த அறிவோ அறுபதுகளிலும் பெரும்பாலும் குறையாமல் நிற்கிறது. கச்சான் காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் உங்கள் தந்தையாரிடம் இருக்கிற அறிவு. செல்பேசியில் வானிலை பார்க்கும் பேரனும் ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டு வள்ளத்தை இறக்கட்டும்.

ஜெர்மன் அறிஞர் பால் பால்டஸ், ருபின்ஸ்டைன் என்ற பியானோ கலைஞரை எடுத்துக்காட்டுவார். முதுமையில் அவர் குறைந்த உருப்படிகளையே எடுத்துக்கொண்டு, அவற்றை அதிகம் பயின்றார். வேகமான பகுதிக்கு முன்னால் வேண்டுமென்றே நிதானித்து வாசித்து, அந்த வேகம் கூடுதலாகத் தோன்றும்படி செய்தார். உங்கள் தந்தையாரும் கடலை அடியோடு விட வேண்டியதில்லை. வலை பின்னுதல், அறுந்த கண்ணிகளைச் சரிபார்த்தல், ஏலத்தில் உடனிருத்தல் ஆகியவற்றில் அவருக்குப் பிடித்த ஒன்றைப் பொறுப்புடன் ஒப்படையுங்கள். ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், வயதின் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவம் செய்தால் குணமாகக்கூடியது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.