மும்பை ஒற்றை அறை வீட்டில் ஏர்பிரஷுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் சரிவருமா?

மாதுங்கா பக்கம் சின்ன வீடு, பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷுக்காக ராத்திரி காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டார் தூங்க முடியாது, 2 கிலோ சிலிண்டர் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கும்; ஒரு கிலோ திரவம் ஏறக்குறைய 540 லிட்டர் வாயுவாகும். ஏர்பிரஷின் 0.3 மி.மீ. நாசில் (தெளிக்கும் முனை) நிமிடத்துக்கு 12 லிட்டர் இழுத்தால் 2 கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதுவும் விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டுமே கணக்கு. ஈரமே இல்லாத வாயு என்பதால் பெயிண்டில் தண்ணீர்ச் சொட்டு தெறிக்காது.

சிலிண்டருக்குள் 25 டிகிரியில் சுமார் 64 பார் அழுத்தம். அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இல்லாமல் குழாயை மாட்டவே கூடாது. ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் அழுத்தத்தை 15 முதல் 25 பிஎஸ்ஐ (சுமார் 1 முதல் 1.7 பார்) வையுங்கள். மீன்தொட்டிச் செடிகளுக்கு வாயு விடும் ரெகுலேட்டர் என்றால், வாயுவை மிக மெல்ல விடும் அதன் ஊசி வால்வைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காற்று போதாமல் பெயிண்ட் திட்டுத்திட்டாக விழும்.

தீயணைப்பு சிலிண்டரை வாங்கிவிடாதீர்கள். அதன் உள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்கும். நிமிர்த்தி வைத்தாலும் திரவம்தான் ஏறி வந்து ரெகுலேட்டரை உறைய வைக்கும். சாதாரண சிலிண்டரைப் படுக்கப்போட்டாலும் இதே கதி. செங்குத்தாக நிறுத்திச் சங்கிலியால் கட்டுங்கள்.

மீதி எவ்வளவு என்று ரெகுலேட்டரின் அழுத்த மீட்டர் காட்டாது. திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். தராசில் நிறுத்து, கழுத்தில் பொறித்த வெற்று எடையைக் கழியுங்கள்.

ஜன்னலைத் திறந்தே வையுங்கள். பத்துக்குப் பத்து அடி அறையில் 2 கிலோவும் கசிந்தால் காற்றில் 4 சதவீதம் ஆகிவிடும், உயிருக்கே ஆபத்து. தூங்கும் நேரத்தில் சிலிண்டர் அந்த அறையில் வேண்டவே வேண்டாம். வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.