ஒழுகும் மாடிக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீடு கட்டி 25 வருஷம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் ஹால் கூரை ஓதம் பிடித்து, ஒரு மூலையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு காண்ட்ராக்டர்களை வரவழைத்தோம். ஒருவர், மாடி முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் போதும், பத்து வருஷம் கேரண்டி என்று சொல்லிப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். இன்னொருவர் சொல்லும் தொகை இரண்டு மடங்கு. யாரை நம்புவதுங்க?

பதில்: தொகையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். இரண்டு பேரில் யார் மாடி ஏறி நின்று நிதானமாகப் பார்த்தார்? தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று தேடாமலே விலை சொல்கிறவர் எவ்வளவு தன்மையாகப் பேசினாலும் வேலையைக் கொடுக்காதீர்கள். மழைத்தண்ணீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, தண்ணீர் வடியும் சரிவு (வாட்டம்) சரியாக இருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடத்தில் விரிசல் விட்டிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். வேலை தெரிந்த ஆள் மாடித் தளத்தில் பதித்த தட்டோடுகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்வார். வெயில் காலத்திலும் ஓதம் காயவில்லையென்றால் மேலே இருக்கிற தொட்டியையும் குழாயையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கம்பி தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. மாடியில் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் இது சரியாகாது. தளர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் சேர்த்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி இளைத்துப் போயிருந்தால் ஒரு சிவில் இன்ஜினியர் பார்த்தே ஆக வேண்டும். அதுவரை அந்த மூலைக்குக் கீழே கட்டில் போடாதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள். இரண்டு மடங்கு சொன்னவர் இந்த வேலையையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அது அதிகமே இல்லை. கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அவர்கள் செய்த வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வீடு வேண்டாம், இரண்டு ஐப்பசி கார்த்திகையாவது பார்த்த வீடாக இருக்கட்டும். காண்ட்ராக்டர் கூட வராமல் நீங்களே போய் அந்த வீட்டுக்காரம்மாவிடம் பேசுங்கள், ஒழுகினபோது கூப்பிட்டால் வந்தாரா என்று கேளுங்கள். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

எத்தனை சதுர அடி, எந்தக் கம்பெனிப் பொருள், எத்தனை கோட், இடித்த கழிவை யார் அள்ளுவது, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அந்தப் பத்து வருஷ கேரண்டி பொருள் கம்பெனி தருவதா, அவர் வாய்ச்சொல்லா? கம்பெனி தருவதென்றால் அதற்குரிய தாளும் பில்லும் கையில் வர வேண்டும். டப்பா சீலை உங்கள் கண்முன் உடைக்கட்டும். பாதிப் பணத்தை முன்பணமாகத் தராதீர்கள். பொருள் வந்திறங்கியதும் கொஞ்சம், வேலை நடக்க நடக்கக் கொஞ்சம், பத்தில் ஒரு பங்கு முதல் மழை பெய்து முடிந்த பிறகு. பூச்சு காய்ந்ததும், மேலே ஓடு பதிக்கும் முன், தண்ணீரைக் கட்டி ஒருநாளாவது நிற்க வைத்துக் கீழே பாருங்கள். மாசி, பங்குனியில் தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது செய்வது நல்லது.

பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் வழி கேட்கலாம். எழுதி வாங்கிய தாள் அங்கேதான் உதவும்.

கேள்வி: ஆனைமலையில் பழைய சீமை ஓட்டு வீடுங்க. அங்கங்கே ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடச் சொல்கிறார்கள்.

பதில்: ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமும் ரீப்பரும் செல்லரிக்காமல் இருந்தால் எதற்குப் பிரிக்க வேண்டும்? உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டு ஓட்டுக்குக் கலவை வைத்துப் பூசினாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டின் காடியில், அதாவது கோர்க்கும் பள்ளத்தில், சரியாக உட்காராது, அதனால் ஒரு ஓட்டைக் கையோடு எடுத்துப்போய்ப் பிரித்த வீட்டு ஓடு விற்கும் இடத்தில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ஓட்டு வேலையே செய்கிற ஆளாகப் பிடியுங்கள், பழக்கமில்லாதவர் ஏறினால் மிதித்தே இன்னும் பத்து உடைப்பார். உங்கள் பக்கம் ஆனியிலேயே சாரல் பிடித்துவிடும், வைகாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.