லாஸ்லெஸ் போட்டும் வித்தியாசம் தெரியவில்லையா? நீலகிரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பாட்டு ஆப், புளூடூத், ஸ்பீக்கர் பற்றி நம் மலைக்காரர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (குன்னூர்): அண்ணா, ஆப்பிள் மியூசிக்கில் லாஸ்லெஸ் ஆன் செய்துவிட்டேன். ஏர்பாட்ஸில் கேட்டால் பழைய மாதிரியேதான் இருக்கிறது. என் காதில் கோளாறா?

பதில்: காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆப்பிள் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ், அதாவது தரம் எதையும் இழக்காமல் சுருக்கிய பாட்டு, கொடுத்தது, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை (ஒலியை எவ்வளவு நுணுக்கமாக, வினாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறார்கள் என்ற கணக்கு). ஆனால் ஐபோன் புளூடூத்தில் அதை ஏஏசி என்ற முறையில் சுருக்கித்தான் அனுப்பும், வினாடிக்கு ஏறக்குறைய 256 கிலோபிட். சாதாரண சிடியே 1,411 கிலோபிட். போன் வரை முழுசாக வந்த பாட்டு, அங்கிருந்து காதுக்கு வருவதற்குள் இளைத்துவிடுகிறது. வயர் ஹெட்போன் போடுங்கள். ஆப்பிளின் லைட்னிங் அடாப்டர் 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் வரை தரும், அதுவே தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாக டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் சிறு கருவி) வாங்க வேண்டும். வாங்கச் சொல்லி நான் யாரையும் தூண்ட மாட்டேன்.

கேள்வி (கோத்தகிரி, ஆசிரியை): ஸ்பாட்டிஃபைக்குக் காசு கட்டுகிறேன். வீட்டில் நன்றாக இருக்கிற பாட்டு, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கும்போது தகர டப்பாவில் பாடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் சார்?

பதில்: தரத்தை 'ஆட்டோமேட்டிக்'கில் விட்டிருப்பீர்கள் டீச்சர். அதில் லோ 24, நார்மல் 96, ஹை 160, வெரி ஹை 320 கிலோபிட். கொண்டை ஊசி வளைவில் டவர் விட்டுப்போனால் ஆப் தானாகக் கீழே இறங்கிவிடும். 24 என்பது கிட்டத்தட்ட போன் பேச்சு. கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். டவுன்லோடு தரத்துக்குத் தனி செட்டிங் உண்டு, அதையும் வெரி ஹையில் வையுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 320-இல் ஒரு மணி நேரப் பாட்டுக்கு 144 எம்பி ஆகும். 2025-இல் வந்த ஸ்பாட்டிஃபை லாஸ்லெஸ்ஸை மொபைல் டேட்டாவில், அதுவும் மலைப்பாதையில் ஓட்டுவது வீண் வேலை.

கேள்வி (கூடலூர்): என் ஹெட்போன் அட்டையில் எல்டாக் 990 என்று போட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு போன். எனக்கு நிஜமாக 990 வருகிறதா?

பதில்: பெரும்பாலும் வராது தம்பி. எல்டாக் என்பது புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்ப சோனி உருவாக்கிய முறை (கோடெக்). அதற்கு வினாடிக்கு 330, 660, 990 கிலோபிட் என்று மூன்று படி. இணைப்பைப் பார்த்து போனே ஏற்றி இறக்கும். பார்க்க வேண்டுமென்றால்: செட்டிங்ஸ், 'அபவுட் போன்', அங்கே பில்டு நம்பரை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'புளூடூத் ஆடியோ கோடெக்' என்ற வரி இருக்கும். பாட்டு ஓடும்போதே பாருங்கள். எல்டாக்குக்குப் பதிலாக எஸ்பிசி (புளூடூத்தின் சாதாரண கோடெக்) என்று இருந்தால் கொடுத்த காசு இன்னும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கீழேயே தர அளவு. அதை 990-இல் பூட்டிவிட்டுப் போனைப் பின் பாக்கெட்டில் போட்டு நடந்தால் பாட்டு விக்கும், ஏனென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பே குடித்துவிடும். 660 நடுவாந்தரம், நான் அதில்தான் வைத்திருக்கிறேன். 330-க்கு இறங்கிவிட்டால், 328 கிலோபிட்டில் ஓடும் சாதா எஸ்பிசியைவிட அது பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

கேள்வி (வெலிங்டன்): கம்ப்யூட்டரில் மீட்டிங் தொடங்கியதும் புளூடூத் ஹெட்செட்டில் எல்லாமே மட்டமாகிவிடுகிறது.

பதில்: மைக் ஆன் ஆனதும் ஹெட்செட் பேச்சு முறைக்கு மாறிவிடும், அதில் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்தான், அதாவது ஒலியை வினாடிக்கு 8 அல்லது 16 ஆயிரம் முறைதான் அளக்கும். மைக்கை மட்டும் லேப்டாப்பினுடையதாக மாற்றுங்கள்.

கேள்வி (ஊட்டி): எழுபதுகளின் பாட்டெல்லாம் ஹை-ரெஸ் என்று வருகிறதே, நிஜமா?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஹை-ரெஸ் என்றால் சிடியைவிட நுணுக்கமாக அளந்து பதிந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். நம் காதுக்கு இளமையில் 20 வரை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 15-ஐ ஒட்டித்தான். எஃப்எம் ரேடியோ அனுப்புவதே 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான். கொடைக்கானல் எஃப்எம்மைக் கேட்டு வளர்ந்தவர்கள் யாரும் மேல் ஸ்தாயி காணோம் என்று புகார் செய்யவில்லை.

ஸ்டூடியோவின் மூல டேப்பிலிருந்து எடுத்திருந்தால் பலன் உண்டு. ஆனால் அந்த பலன் பெரும்பாலும் கவனமாகச் செய்த மாஸ்டரிங்கால் (வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) வருவது, 192 என்ற எண்ணால் அல்ல. பழைய கேசட்டையோ எம்பி3-யையோ ஃப்ளாக் (லாஸ்லெஸ் ஃபைல் வகை) ஆக்கிவிட்டு 'லாஸ்லெஸ்' என்று பெயர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தூளாக்கிய தேயிலையை மறுபடி இலையாக்க முடியுமா? உங்களிடம் ஃபைல் இருந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து, அது வரையும் ஒலி அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3-இலிருந்து வந்ததாக இருந்தால் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸில் படம் நேர்கோடாக அறுந்து, மேலே வெறும் கறுப்பாக நிற்கும். டேப்பிலிருந்து வந்தது மெல்ல மெல்ல மங்கி, மேலே இரைச்சல் புள்ளிகளாக இருக்கும்.

கேள்வி (லவ்டேல்): எந்த ஆப்பில் சத்தம் நன்றாக இருக்கிறது?

பதில்: ஒவ்வொரு ஆப்பும் ஒலி அளவை ஒவ்வொரு விதமாகச் சமன்படுத்துகிறது. கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதுமே 'நல்ல' ஒலியாகத் தோன்றும். இரண்டிலும் அந்த வசதியை அணைத்து, வால்யூமைக் காதால் சமமாக்கி, எது எது என்று தெரியாமல் வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்புறம் எந்த ஆப் என்று என்னைக் கேட்க மாட்டீர்கள்.

கேள்வி (அருவங்காடு): செகண்ட் ஹேண்டில் குரோம்காஸ்ட் ஆடியோ கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஸ்பீக்கரில் செருகி, போனிலிருந்து வைஃபை வழியே பாட்டு ஓட்ட 2015-இல் வந்த அருமையான சாதனம். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ், ஆப்டிகல் அவுட்டும் (ஒளிக் கேபிளில் ஒலியை அனுப்பும் வழி) உண்டு. ஆனால் 2019 தொடக்கத்திலேயே கூகுள் நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி அது உலகம் முழுக்கப் படுத்துவிட்டது. கூகுள் அப்புறம் சரிசெய்தது. அடுத்த முறையும் சரிசெய்வார்கள் என்று நம்பினால், அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள்.

கேள்வி (மஞ்சூர்): அப்பாவின் கேசட்டுகள் நிறைய இருக்கின்றன, எந்த ஆப்பிலும் இல்லாத கச்சேரிகள். எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள் அக்கா. நம் ஊர் ஈரத்துக்கு வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், ஆகவே அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். நல்லவற்றை டெக்கின் லைன் அவுட்டிலிருந்து 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து ஃப்ளாக்கில் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் அதிலிருந்து ஒரு எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.