ஆண்டெனாவின் பாரத்தை எது தாங்க வேண்டும்?

கேள்வி: ஐயா, மொரீசியஸின் ரோஸ்ஹில்லில் வசிக்கும் ஹாம் வானொலி ஆர்வலன் நான். 12 மீட்டர் இரும்புக் கோபுரத்தில் ஒரே திசையில் அலைகளைக் குவிக்கும், 20 கிலோ எடையுள்ள பீம் ஆண்டெனா ஒன்றை ஏற்ற இருக்கிறேன். ஆண்டெனாவைத் தாங்கும் குழாய் உச்சித் தட்டில் உள்ள திரஸ்ட் பேரிங் என்னும் தாங்கு வளையத்தின் வழியே இறங்கும்; அதற்கு 2 மீட்டர் கீழே, கோபுரத்தின் உள்ளே, குழாயைச் சுழற்றும் மோட்டார் கருவியான ரொட்டேட்டர் இருக்கும். பேரிங்கில் குழாயைப் பிடிக்கும் போல்ட்டுகளை இறுக்கிப் பாரம் முழுவதையும் மேலேயே நிறுத்திவிட்டால் ரொட்டேட்டர் நெடுநாள் உழைக்கும் என்கிறார் நண்பர். அவ்வாறு செய்யலாமா?

பதில்: வேண்டாம். பாரம் ரொட்டேட்டரின் மீதே அமரட்டும். 50 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. கனமும் உள்ள எஃகுக் குழாய் 3 மீட்டருக்குச் சுமார் 17 கிலோ. ஆண்டெனாவையும் சேர்த்தால் 37 கிலோதான் ஆகிறது. இந்த அளவு பீமுக்கென விற்கப்படும் ரொட்டேட்டர்களில் பல 100 முதல் 200 கிலோ வரை செங்குத்துப் பாரம் தாங்குபவை. மேலும், மணி வடிவ உறை கொண்டவற்றில், உள்ளே வளையமாக அடுக்கப்பட்ட எஃகுக் குண்டுகள் தத்தம் பள்ளத்தில் சரியாக உட்காருவதற்கே மேலிருந்து ஓரளவு பாரம் அழுத்த வேண்டும். பாரத்தை நீக்குவது அவற்றுக்கு நன்மை அன்று. போல்ட் முனைகளின் பிடியில் தொங்கும் குழாயோ காற்றின் அதிர்வில் மெல்ல வழுக்கி, என்றேனும் ரொட்டேட்டரின் மீதே வந்து இறங்கும்.

ரொட்டேட்டரை உண்மையில் முறிப்பது பக்கவாட்டில் சாய்க்கும் காற்று விசை. உச்சிப் பேரிங் அதற்காகத்தான் இருக்கிறது. ஆண்டெனா பேரிங்குக்கு 60 செ.மீ. மேலே இருந்தால், அதன் மீது மோதும் விசையில் 30 விழுக்காடே ரொட்டேட்டரைப் பக்கவாட்டில் தள்ளும். ஆசைப்பட்டு 2 மீட்டர் உயரத்தில் வைத்தால் முழு விசையும் அங்கே வந்து சேரும். 1960-இல் கரோல் புயலில் மணிக்கு 256 கி.மீ., 1975-இல் ஜெர்வேஸ் புயலில் 280 கி.மீ. வேகக் காற்றைக் கண்ட தீவு உங்களுடையது. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், தைப்பூசக் காவடியை ஒட்டி வரும் புயல் மாதங்களில் முதல் எச்சரிக்கையிலேயே ஆண்டெனாவை இறக்கிவிடும்படி உங்களை அன்புடன் வேண்டுகிறேன்.

பொருத்தும்போது குழாயை ரொட்டேட்டரின் பிடியில் நன்றாக உட்காரவைத்துவிட்டு, பேரிங்கின் போல்ட்டுகளைக் குழாய் நடுவில் நிற்கும் அளவுக்கு மட்டும், சமமாகத் திருகுங்கள். ரொட்டேட்டரைத் தாங்கும் தட்டின் போல்ட்டுகள் அப்போது தளர்வாகவே இருக்க வேண்டும்; ஒரு முழுச் சுற்று சுழற்றி, எங்கும் இறுகிப் பிடிக்கவில்லை என்று கண்ட பிறகே அவற்றை முடுக்க வேண்டும்.

நண்பர் சொன்ன முறைக்கும் ஓர் இடம் உண்டு. பழுது பார்க்க ரொட்டேட்டரைக் கழற்றும் நாளில் பேரிங்கின் போல்ட்டுகளை இறுக்கி, அதற்கு மேலே குழாயில் ஒரு யு-போல்ட் பிடியையும் பூட்டி, காற்றில் ஆண்டெனா தானாகச் சுழலாதவாறு அதன் நடுக்குழலைக் கோபுரத்தோடு கயிற்றால் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரொட்டேட்டரைத் திரும்பப் பொருத்தியதும் யு-போல்ட்டைக் கழற்றி, பேரிங்கின் போல்ட்டுகளையும் தளர்த்திவிட வேண்டும்.