ஆயா யார், பாட்டியா பணியாளரா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்போம். இங்கே மகளைப் பள்ளியில் சேர்த்தால், பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போகிறவரையும் ஆயா என்கிறார்கள். பாட்டியின் பெயர் வேலையின் பெயரானது எப்படி? அப்படிக் கூப்பிடலாமா?
(செட்டிநாட்டு வாசகி, சென்னை)

பதில்: இரண்டும் வேறு வேறு சொற்கள், காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன, அவ்வளவுதான். உங்கள் ஆயா உள்ளூர்க்காரர். தாயைக் குறிக்கும் ஆய் என்ற பழைய சொல்லின் வழி வந்தவர், சங்கப் பாட்டில் வரும் யாய், ஞாய் எல்லாம் அவருக்குச் சொந்தம். பள்ளிக்கூட ஆயா கப்பலில் வந்தவர். போர்த்துக்கீசியத்தில் அயா என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண். சாவி, ஜன்னல், அலமாரி வந்த அதே வழியில் வந்து, அப்புறம் வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளில் நிலைத்துவிட்டது. துரைசானி சீமைக்குக் கிளம்பினால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆயாவும் கூடவே கப்பலேறுவார், போய் இறங்கியதும் திரும்பி வர வழியில்லாமல் விடப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஹாக்னி பகுதியில் ஓர் ஆயா இல்லம் இருந்தது. அந்த வீட்டில் 2022-இல் நீல நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த அயாவுக்கே மூலம் பாட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் என்கின்றன சில அகராதிகள்!

சரி, கூப்பிடலாமா? அரசு மருத்துவமனை வார்டில் சும்மா கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நர்ஸிடம் "சிஸ்டர், கொஞ்சம் வாங்க" என்று குழைகிற அதே ஆள், ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்து "ஏ ஆயா, இங்க வா" என்பார், அந்தம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. எனக்கு உறுத்துவது அந்த 'வா'. அங்கன்வாடியிலும் பாருங்கள், அரசு வைத்த பெயர் உதவியாளர், ஊர் வாயில் ஆயாதான். உங்கள் மகள் 'ஆயாம்மா, வாங்க' என்று சொன்னால் ஒரு குறையும் இல்லை, தாராளமாகச் சொல்லட்டும். நீங்கள் அவர் பெயரைக் கேட்டு, கூடவே ஓர் அக்கா சேர்த்துக் கூப்பிடுங்கள். பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையில் ஆசிரியர்களுக்கெல்லாம் பெயர் போட்டு இவரை மட்டும் வெறும் 'ஆயா' என்று அச்சடித்திருந்தால், அதை மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிப் போடுங்கள்.