கவுன்டரில் பட்டது வீட்டில் வெடிக்கிறது

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். இந்தப் புது ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, பேருந்திலும் அலுவலகங்களிலும் எல்லோரும் சிடுசிடுக்கிறார்கள், இப்போது உங்களுக்கும் அதே குணம் ஒட்டிக்கொண்டது, போன வாரம் காரணமே இல்லாமல் மனைவி மேல் எரிந்து விழுந்தீர்கள். 'இந்த ஊர் மனிதர்களே இப்படித்தானா? பொறுத்துப் போனால் ஏமாளி என்று நினைக்க மாட்டார்களா?' என்று கேட்டிருந்தீர்கள்.

நான் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் வருடத்தின் ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் ஓர் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, 'படித்துப் பார்த்துவிட்டு வரத் தெரியாதா?' என்றார். பின்னால் நின்றவர்கள் காதிலும் விழுந்தது. அந்த மொழியில் கோபப்படும் அளவுக்கு என்னிடம் சொற்கள் இல்லை. முழுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பையன் சாவி எங்கே என்று கேட்டான். 'கண் இல்லையா? அங்கேதானே தொங்குகிறது' என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. ராத்திரி அம்மா தொலைபேசியில் 'உடம்பு எப்படிப்பா இருக்கு?' என்று கேட்டதற்கு, 'தினமும் இதே கேள்விதானா?' என்று கத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 'சரிப்பா, தூங்கு' என்றார். அந்தக் கவுன்டருக்கும் என் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம்? திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கேட்காதவர்கள் மேல் கொட்டியிருக்கிறேன்.

இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் நடப்பதில்லை. ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 90 மாணவர்களை ஜோடி மாற்றி மாற்றிப் பேரம் பேச வைத்துக் கவனித்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. முரட்டுத்தனமான ஒருவரிடம் பேசிவிட்டு வந்தவர், அடுத்தவரிடம் தானும் முரட்டு ஆள் என்று பெயர் வாங்கினார். நடுவே ஒரு வாரம் போயிருந்தாலும் அப்படித்தான். சளி பிடிப்பது மாதிரி.

'மனிதர்களே இப்படித்தானா' என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்து, 1973-இல் முடிவு வெளியான ஒரு சோதனையை நினைத்துக்கொள்வேன். இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடப்பதுபோல் நடித்தார். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம். நல்ல பிள்ளைகள்தான், அவசரம் அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது. உங்களிடம் சிடுசிடுத்தவருக்கு உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், என்ன நெருக்கடி என்று நமக்குத் தெரியாது.

இன்னொன்று, இது நம்மைப் போல் வந்தவர்களுக்கே உரியது. புது மொழியில் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல நமக்கு வராது. 'கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா' என்று சொல்ல நினைத்து 'தள்ளு' என்ற சொல் மட்டும் வெளியே வரும். கேட்பவருக்கு அது அதட்டல். அவர் முகத்தைச் சுளிப்பார், நமக்கு அது அவமானம். முதல் வருடத்தில் நான் வாங்கிய சிடுசிடுப்பில் எவ்வளவு நானே கிளப்பிவிட்டது என்று மொழி வந்த பிறகுதான் புரிந்தது. 'தயவுசெய்து', 'மன்னிக்கவும்', 'நான் புதிது, மெதுவாகச் சொல்லுங்கள்' இந்த மூன்றையும் வாய் தானாகச் சொல்லும்வரை பழகுங்கள்.

பொறுமை என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது என்னோடு கிடங்கில் வேலை செய்த ஒரு வயதான அம்மா. ஒருநாள் அவரிடமும் வெடுக்கென்று பேசிவிட்டேன். கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தார், என்னைப் பார்த்தார், 'இன்று உனக்கு ரொம்பக் கஷ்டமான நாளா?' என்று கேட்டுவிட்டு உண்மையிலேயே பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று அதற்குப் பிறகு யாரிடமும் நான் குரலை உயர்த்தவில்லை. அவரை ஏமாளி என்று நான் நினைக்கவும் இல்லை. அந்த இடத்திலேயே பலமான ஆள் அவர்தான்.

ஆனால் எல்லாவற்றையும் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. நிறத்தையோ பிறப்பையோ சொல்லி இழிவாகப் பேசினால், கூலியைப் பிடித்துவைத்தால், கை ஓங்கினால், தேதியோடு எழுதி வையுங்கள், மேலே புகார் கொடுங்கள். அங்கே வாயை மூடிக்கொண்டால் அடுத்து வருகிற ஆளுக்கும் அதுவேதான் நடக்கும். நான் சொல்லும் பொறுமை, வரிசையில் இடித்தவருக்கும் கதவைப் பிடிக்காமல் போனவருக்கும் உரியது. ஒரு மூச்சு தாமதித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு மூச்சு போதும்.

வேலை முடிந்து வந்ததும் இப்போதும் நான் நேராகக் கதவைத் திறப்பதில்லை. இரண்டு நிமிடம் வெளியே நின்று, இன்று யார் என்ன சொன்னார்கள், எங்கே வலித்தது என்று எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

மனைவி மேல் எரிந்து விழுந்ததை எழுதியிருந்தீர்களே, அன்று வெளியே என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் இந்த ஒரு வாரமாகத் தன் மேல் என்ன தப்பு என்று யோசித்துக்கொண்டிருப்பார்.